தங்கவேல் சத்தத்தை நிறுத்திய ஞாயிறு

மேனாம்பேட்டில் தங்கவேல் வீட்டுக்குப் போகிறவர்கள் யாரும் வாசலில் நின்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுப் பயனில்லை. நேரே உள்ளே போய், அவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்று பேச வேண்டும். குரல்கூட வேண்டியதில்லை, உதடு அசைந்தால் போதும். "உள்ள வா, குந்து, இன்னா சேதி?" என்று தெருவுக்கே கேட்கும்படி பதில் வரும். தன் குரல் எவ்வளவு உரக்க இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் குறைத்துக்கொள்வார் என்று தோன்றவில்லை.

அவருடைய அப்பாவும் அம்மாவும் இதே மேனாம்பேட்டில் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலமெல்லாம் மனையானபோது தங்கவேல் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனார். அம்பத்தூர் தொழிற்பேட்டையைத்தான் எஸ்டேட் என்பார்கள்; அங்கே ஒரு பிரஸ் ஷாப். இரும்புத் தகடு உள்ளே போகும், அச்சு இறங்கும், வாஷரோ பிராக்கெட்டோ கீழே விழும். பிரஸ்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிர்வரிசையில் இருப்பவன் பார்த்துப் புரிந்துகொள்வான். டீ வந்துவிட்டது, மேஸ்திரி வருகிறார், நேற்று உன் மச்சினன் குடித்துவிட்டு ஏரிக்கரையில் கிடந்தான், எல்லாம் சத்தமில்லாமல் போய்வரும். புதிதாகச் சேர்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தால் சீக்கிரம் வந்துவிடும் என்பார் தங்கவேல்.

அவருக்குக் காது போனது ஒரே நாளில் அல்ல. முதலில் குக்கர் விசில் கேட்காமல் போனது, பிறகு கதவு தட்டும் சத்தம், பிறகு மழை. போய்க்கொண்டிருக்கிறது என்பதே அவருக்கு வெகுகாலம் தெரியவில்லை, ஏனென்றால் பேச்சு நிற்கவில்லை. எல்லோர் வாயையும் அவர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தார். ஒருவன் இழந்ததை இழந்தபோதே உணர்கிறான் என்று நாம் நினைக்கிறோம். இழப்பதற்கு முன்பே வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் அப்படி நடப்பதில்லை. காதுக்கருவி ஒன்று வாங்கித் தந்தார்கள். பஸ் இரைச்சலைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று அதைக் கழற்றி வைத்தவர் மறுபடி போடவில்லை.

பிரஸ்ஸிலிருந்து அவரை எடுத்து, சரக்கு வெளியே போகுமுன் சரிபார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். டியூப்லைட்டின் கீழே ஒவ்வொரு பிராக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிறும் விரிசலும் உள்ளவற்றை ஒதுக்கும் வேலை. காது தேவையில்லை, கண் போதும். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளர் பக்தவத்சலம். ஒரு காலத்தில் எதிர்வரிசைப் பிரஸ்ஸில் நின்றவர். சீக்கிரமே சூப்பர்வைசர் ஆனதால் அவருடைய காது தப்பித்தது. தங்கவேலுக்கு அவர் 'மாமே', அவருக்குத் தங்கவேல் 'மச்சான்'. உறவு ஒன்றும் இல்லை. எதிரெதிரே நின்ற பழக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கவேல் வீட்டு முன்னறையில் கபடி பார்ப்பது இருவருக்கும் வழக்கம். தெருவில் இன்னும் சிலரும் வருவோம். இலவசமாக வரும் விளையாட்டுச் சேனல் அது. வர்ணனை இந்தியில் போகும். தமிழ்நாட்டு அணி ஆடும் நாளில் டைம் அவுட் வந்தால், கோச் தன் பையன்களை வட்டமாக நிறுத்திப் பேசுவார். வர்ணனையாளர்கள் அதன்மேலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் எல்லோருடைய முகமும் திரையிலிருந்து தங்கவேல் பக்கம் திரும்பும்.

"'மூலைல நின்னுகினு இன்னாடா பண்றே, கோலமா போடுறே?'ங்கிறாரு கோச்சு" என்பார் தங்கவேல். "அந்தப் பையன், 'காலு புடிச்சிக்கிச்சு சார்'ங்கிறான். பொய்யி. மூஞ்சியப் பாரு."

அறை சிரிக்கும். பிற வீடுகளிலும் டிவி இருக்கிறது; நாங்கள் அங்கே போனது இதற்காகத்தான். இதை ஒரு பெரிய திறமை என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒருமணி நேரம், கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்காதவரைச் சார்ந்திருந்தோம் என்பது மட்டும் உண்மை.

சரண் அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது பொங்கலுக்குப் பிறகு. சரண் தங்கவேலின் மகன். ஐடி கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை. அலுவலகத்தில் கழித்துக் கட்டிய சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை நேரே அதில் செருகுகிற மாதிரி ஒரு ட்யூனர் கார்டைப் போட்டு, புதிதாக வாங்கிய பெரிய டிவியோடு இணைத்தான். பழைய செட்டாப் பாக்ஸ் பாரிவாக்கத்தில் இருக்கும் அவன் சித்தி வீட்டுக்குப் போயிற்று.

"நைனா, இனிமே ஹெச்டி. நிறுத்திக்கலாம், பின்னாடி போவலாம், ரெக்கார்டு பண்ணிக்கலாம். ஒவ்வொருத்தன் மீசையும் தனித்தனியா எண்ணலாம்" என்றான்.

மீசையை எண்ண முடிந்தது. இரண்டாவது ஞாயிறு தங்கவேல் சொன்னார்: "சரணு, படம் குதிக்குதுடா."

"எங்க நைனா குதிக்குது? நல்லாத்தான கீது."

"வாயி தொறக்குது. அப்பால மூடிக்கினு கீது. நடுவுல இருந்தது எங்க? எவன் துன்னான்?"

சரண் எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்று பார்த்தான். பார்த்தான் என்றுதான் அவனும் நினைத்தான். சத்தம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது, விசில் ஊதியது. "கிளீனா கீது" என்றான். நாங்களும் தலையாட்டினோம்.

தங்கவேல் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. படம் குதிக்கிறது என்று தீர்மானித்தார், காரணத்தையும் உடனே தீர்மானித்தார். "டிஷ்ஷு. காத்துல ஆடுது" என்றார். சரண் மொட்டைமாடி ஏறி டிஷ்ஷின் கால்களை இறுக்கினான். அடுத்த வாரம் கேபிளை மாற்றினான். அதற்கடுத்த வாரம், பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை மறைக்கிறது என்று சொல்லி, அந்த வீட்டுக்காரரிடம் கத்திப் பேசி, கிளையை வெட்ட வைத்தார் தங்கவேல். சிக்னல் முதல் நாளிலிருந்தே முழுதாகத்தான் இருந்தது. எதுவும் மாறவில்லை. அந்த வீட்டம்மாள் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் படத்தைப் பற்றி வாயெடுத்தாலே வீட்டில் "டிஷ்ஷு தானே?" என்றார்கள். காரணத்தைத் தவறாகச் சொன்னவர் குறையையும் தவறாகத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவுசெய்துவிட்டார்கள். இரண்டும் வெவ்வேறு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

டைம் அவுட்களில் தங்கவேல் பேசாமல் இருக்கத் தொடங்கினார். பக்தவத்சலம் அவர் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பி, "இன்னா மச்சான், கோச்சு ஊமையாயிட்டாரா?" என்றார்.

"கோச்சு பேசினுதான் கீறாரு. படம்தான் முழுங்குது."

"ரெண்டு கண்ணும் செக் பண்ணியா?"

சிரித்துக்கொண்டு கேட்டதுதான். தங்கவேலின் மனைவி குப்பம்மாவுக்கு அது சிரிப்பாகப் படவில்லை. எஸ்டேட் கேன்டீன் ஒன்றில் சமைப்பவர் அவர்; எதையும் ஆறவிட மாட்டார். அயனம்பாக்கத்தில் நடந்த இலவசக் கண் முகாமுக்குக் கணவரை அழைத்துப்போனார். இடது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள், எப்போதும்போல வேலை பார்க்கலாம் என்றார் மருத்துவர். அந்த வாக்கியம் முழுவதிலும் 'புரை' என்ற சொல் மட்டும்தான் வீடு வந்து சேர்ந்தது.

"நைனா, வேலய வுட்டுடு. நான் சம்பாரிக்கிறேன்ல" என்றான் சரண். அன்பாகத்தான் சொன்னான்.

"புரை என் கண்ல கீது. குதிக்கிறது டிவில கீது. ரெண்டையும் ஏன்டா ஒண்ணா சேக்குறே?"

"சொம்மா அதயே சொல்லாத. எங்க யாருக்கும் குதிக்கலியே."

பத்துப் பேர் பார்க்காததை ஒருவர் பார்த்தால், அவர் கண்ணில்தான் ஏதோ இருக்கிறது என்று நம்புவது எளிது. அந்த ஒருவருக்குக் காதும் கேட்காது என்றால் இன்னும் எளிது.

குப்பம்மா பக்தவத்சலத்திடம் சொல்லிவிட்டார். மறைத்து, பிறகு தொழிற்சாலையில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். பக்தவத்சலம் வெகுநேரம் யோசித்தார். அந்த மேசையைத் தாண்டிப் போகும் பிராக்கெட்டுகள் வண்டிகளின் பிரேக்கில் மாட்டப்படுகிறவை. ஒரு விரிசல் தப்பிப் போனால் எங்கோ ஒரு சாலையில் யாரோ ஒருவருடைய உயிர். அவரைக் குறை சொல்ல முடியாது. தங்கவேலைக் கூப்பிட்டு, முகத்துக்கு நேராக நின்று, "மச்சான், வர்ற திங்கக்கெழமலேந்து பேக்கிங்ல இரு. ஆபரேஷன் முடியட்டும், அப்பால பாக்கலாம்" என்றார்.

பேக்கிங் என்பது சரிபார்த்த பிராக்கெட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி நாடா ஒட்டுவது. எது நல்லது எது கெட்டது என்று சொல்லும் அதிகாரம் அங்கே இல்லை. ஒருமுறை பேக்கிங்குக்குப் போனவர் மேசைக்குத் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை.

"என் கண்ண நம்ப மாட்டியா மாமே?"

"நம்புறேன். டாக்டரு சொல்றாரேடா."

"டாக்டரு வேல பாக்கலாம்னு சொன்னாரு. அது எவனுக்கும் காதுல வுழல. எனக்குத்தான் காது கேக்காதுன்னு பேரு."

அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறு மாலை தமிழ்நாட்டு அணிக்கு அரையிறுதி. வழக்கம்போலக் கூடினோம். பக்தவத்சலம் வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். கையில் பக்கோடாப் பொட்டலம். தங்கவேல் அதை வாங்கிக் குப்பம்மாவிடம் கொடுத்தார், "குந்து" என்றார், அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கியது. தங்கவேல் ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். திரையின் மூலையில் குறுக்கே கோடு போட்ட ஒலிபெருக்கிப் படம் வந்தது. அறையில் சத்தம் நின்றது.

"யோவ், இன்னாய்யா பண்ணே?" என்றார் குப்பம்மா.

"எனுக்கு எப்டியோ அப்டியே நீங்களும் பாருங்கோ. இன்னிக்கு ஒரு நாளு."

"நைனா, கமென்ட்ரி இல்லாம எப்டி பாக்குறது?" என்றான் சரண்.

"உனுக்கு இந்தி தெரியுமா?"

தங்கவேல் ரிமோட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சத்தமில்லாத டிவியை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் டிவி ஓடுகிறதென்றால் அது தெருவுக்கே ஓடும். பாதி நேரம் நாம் அடுப்படியிலோ வாசலிலோ இருந்துகொண்டு காதால்தான் பார்க்கிறோம். திரைக்கு முன்னால் இருக்கும்போதும் அப்படித்தான் போலிருக்கிறது. ஒலி சீராக ஓடினால், படமும் சீராக ஓடுவதாக மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. அந்த ஒலியை எடுத்ததும் கொஞ்ச நேரம் வெறும் அசௌகரியமாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. ஓடி வருகிறவன் நடுவில் ஓர் அடி காணாமல்போய் அந்தப் பக்கம் முளைத்தான். நீட்டிய கை போகும் வழி இல்லாமலே போய்ச் சேர்ந்திருந்தது.

"ஐயய்ய" என்றார் குப்பம்மா மெதுவாக. "வெட்டி வெட்டி வருதேடா."

டைம் அவுட் வந்தது. கோச் பையன்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். தங்கவேல் பக்தவத்சலத்தின் முட்டியில் அடித்தார்.

"மாமே, நீயும் பிரஸ்ல நின்னவன்தான. நீ சொல்லு. இன்னா சொல்றாரு?"

பக்தவத்சலம் முன்னால் சாய்ந்தார். "'ரைட்டுல...' இல்ல... 'புடி'... 'படி'யா?... 'வுடு'..." எழுந்துபோய்த் திரைக்கு அருகில் குனிந்தார். கோச்சின் வாய் திறந்தது, திறந்தபடி ஒரு கணம் நின்றது, மூடியிருந்தது. "இன்னாடா இது, அண்ணன் சோறு துன்னுகினு பேசுறாரா?"

"மாமா, உங்களுக்குப் பழக்கம் வுட்டுப்போயிருக்கும்" என்றான் சரண். "பிரஸ்ஸ வுட்டு எவ்ளோ வருசமாச்சு. நைனாவுக்குக் கண்ணு சரியில்ல. ரெண்டு பேரும் படிக்க முடியலன்னா படம் தப்புன்னு ஆயிடுமா?"

கேள்வி நியாயமானது. தங்கவேல் அதை மகன் வாயிலிருந்து முழுதாகப் படித்தார். கோபப்படவில்லை. பக்தவத்சலத்தின் சட்டைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போனார். "நீ ரோட்ட தாண்டி அந்தச் செவுராண்ட போய் நில்லு. வாய அசை. சத்தம் வரக் கூடாது."

பக்தவத்சலம் எதிர்வீட்டுச் சுவரோரம் போய் நின்றார். இடையில் பைக்குகளும் தண்ணீர் லாரியும் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் வாசலில் கூடினோம். அவர் உதட்டை அசைத்தார்.

தங்கவேல் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "'பக்கோடாவ துன்னு முடிச்சிடாதீங்கடா'ங்கிறான்!"

பக்தவத்சலம் தலையாட்டினார். மறுபடி அசைத்தார், இந்த முறை வேகமாக.

"'உன் மாமியாரு மட்டும் கம்முனு இருந்திருந்தா நீ எனக்குச் சூப்பர்வைசரா ஆயிருப்பே'ங்கிறான்! டேய், என் மாமியாருக்கும் அதுக்கும் இன்னாடா?"

"அது எங்கம்மா!" என்று குப்பம்மா வாசலிலிருந்து கத்தினார். பக்தவத்சலம் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"கைய எடு, இப்ப என் வாய நீ படி" என்றார் தங்கவேல். பிறகு குரலில்லாமல் ஏதோ சொன்னார்.

எதிர்ப்பக்கத்தில் பக்தவத்சலத்தின் முகம் மாறியது. "தங்கச்சி, கேட்டுக்கினியா? நாளைக்கு பேக்கிங்குக்கு என்னப் போவச் சொல்றான்!"

சரண் சிரிக்கவில்லை. அப்பா ரோட்டின் இந்தப் பக்கமும் பக்தவத்சலம் அந்தப் பக்கமும் நிற்பதை மாறி மாறிப் பார்த்தான். ரோட்டுக்கு அப்பால் இருக்கிற வாயைப் படிக்கிற இருவர், எட்டடியில் இருக்கிற பெரிய திரையில் ஒரு வாயைப் படிக்க முடியவில்லை. உள்ளே போய்க் கீபோர்டை மடியில் எடுத்துவைத்துக்கொண்டான்.

அவன் அந்த வேலையைச் செய்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தான் கொடுத்த பரிசில் தப்பு இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ளத்தான் நாளாயிற்று. ஒத்துக்கொண்ட பிறகு அதைக் காப்பாற்ற முயலவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வரைபடத்தைத் திறந்தான். கம்ப்யூட்டரின் பிராசசர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டுவது அது. அதன் கோடு உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"நூறு பர்சென்ட்" என்றான். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "ஹெச்டி படம் சுருக்கி மடிச்சுத்தான் வருது நைனா. அத பிரிக்கிறதுக்கு உள்ள தனியா கிராபிக்ஸ்னு ஒண்ணு கீது. நான் அத ஆன் பண்ணவேயில்ல. அது சொம்மா குந்தினு கீது, இந்தப் பிராசசரு ஒண்டியாளா எல்லாத்தையும் பிரிச்சு, முடியாம நடுநடுவுல தூக்கிப் போட்டுட்டு ஓடுது."

"ரெண்டு பேரு வேலைக்கு ஒரு ஆளு" என்றார் தங்கவேல். "எங்க கம்பெனி மாதிரி."

பக்தவத்சலம் இருமினார்.

சரண் அமைப்பை மாற்றிக் கிராபிக்ஸுக்கு வேலை கொடுத்தான். வரைபடம் மளமளவென்று இறங்கித் தரையில் படுத்தது. திரையில் ஓடுகிறவர்கள் ஓர் அடியும் விடாமல் ஓடினார்கள். குப்பம்மா கையைத் தட்டினார். எல்லோரும் தங்கவேலைப் பார்த்தோம்.

"பாதி போச்சு" என்றார் அவர். "பாதி கீது."

"நைனா!" சரணுக்கு இந்தமுறை கோபம் வந்துவிட்டது. "ஒரு ஃபிரேம், ஒரு படங்கூட வுட்டுப்போவல. இங்க பாரு, எத்தினி வுட்டுப்போச்சுன்னு அதே கணக்கு காட்டுது. சைபர்."

"அது எங்க நின்னுகினு எண்ணுது?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

"நான் வெளில நின்னு பாக்குறேன். உள்ளேருந்து நல்லாத்தான் கெளம்பியிருக்கும். டிவிக்கு வர்ற வழில எங்கயோ இடிக்குது. கீழ எழுத்து ஓடுது பாரு, அத பாரு. பத்தெழுத்து ஓடும், ஒரு விக்கலு. பத்தெழுத்து, ஒரு விக்கலு."

திரையின் அடியில் மற்ற ஆட்டங்களின் முடிவுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. சத்தமில்லாத அறையில் எல்லோரும் அந்த வரியையே பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பக்தவத்சலம், "ஆமாடா. இப்ப... இப்ப... திருப்பியும்" என்று விரலால் தட்ட ஆரம்பித்தார். அவர் தட்டத் தட்ட எனக்கும் தெரிந்தது.

சரண் சட்டென்று நிமிர்ந்தான். டிவிக்குப் படம் அனுப்பும் அமைப்பைத் திறந்தான். அதைப் பார்த்துத் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான்.

"சேனல்காரன் ஒரு செகண்டுக்கு அம்பது படம் அனுப்புறான். நான் டிவிய அறுபதுல வெச்சிருக்கேன். அறுபதுதான் பெருசுன்னு..." அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தேடினான். "நைனா, தகடு அம்பதுதான் உள்ள தள்ளுறாங்க. பிரஸ்ஸு அறுபது தபா எறங்குது."

தங்கவேல் துள்ளினார். "அப்ப பத்து தபா அடிச்சதையே திருப்பி அடிக்குதா? டேய், அச்சு பூடும்டா! எந்தக் கம்மனாட்டி செட் பண்ணது?"

"நான்தான்."

"கொறச்சு வை."

பெரிய எண் என்றால் நல்லது என்று வைத்துவிடுவது சரண் ஒருவனுடைய தவறு இல்லை. எஸ்டேட்டிலும் ஐடி பார்க்கிலும் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். வருகிறதும் போகிறதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதைப் பிரஸ் ஓட்டினவர் மறக்க முடியாது. மறந்தால் விரல் போகும்.

சரண் ஐம்பதாக்கினான். திரை மொத்தமாகக் கறுத்தது.

"போச்சு. மொத்தமா கெடுத்துட்டானுங்கோ" என்றார் குப்பம்மா.

படம் திரும்பி வந்தது. அடியில் எழுத்துகள் நூல் பிடித்த மாதிரி ஒரே சீராக ஓடின. தங்கவேல் அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "இப்ப செரி" என்று மட்டும் சொன்னார். சரணின் பிடரியில் லேசாக ஒரு தட்டு தட்டினார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தில் இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. நம்முடைய அணி பின்தங்கியிருந்தது. டைம் அவுட் வந்தது. சத்தத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோச் குனிந்து பேசினார். தங்கவேலின் குரல் பழைய ஞாயிறுகளைப் போல அறையை நிறைத்தது.

"'லெஃப்ட்டுல நிக்குறவன் தூங்கினு கீறான், அவன் மூஞ்சில தண்ணி ஊத்துங்கடா'ங்கிறாரு கோச்சு!"

நாங்கள் சிரித்தோம். பக்தவத்சலம் சிரிக்கவில்லை. "ஏ ஏ, எங்க சொன்னாரு? 'அவசரப்பட்டுக் கால புடிக்காத, உள்ள வரட்டும்.' அவ்ளோதான். நானுந்தான் பாத்தேன். தண்ணி எங்கேந்து வந்துச்சு?"

தங்கவேல் கொஞ்சமும் அசரவில்லை. "வாயி அவ்ளோதான் சொல்லிச்சு. மீதி மூஞ்சில இருந்துச்சு."

"அடப்பாவி, இத்தினி நாளா இப்டித்தான் ஓட்டினியா?" பக்தவத்சலம் சிரித்துவிட்டார், உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார். சூப்பர்வைசர் முகம் வந்தது. "மேசைலயும் இப்டித்தானா? இல்லாத கிராக்க நீயே சேத்துக்குவியா? இருக்கிறத வுட்டுடுவியா?"

எது கேட்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"ஆளுங்க மூஞ்சில மீதி இருக்கும் மாமே. பீஸுல இருக்காது" என்றார் தங்கவேல். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "அங்க கண்ணுக்கு வர்றது மட்டும்தான். இடது கண்ல புரை கீது, இல்லன்னு சொல்லல. டாக்டரு வரச்சொன்ன மாசம் போவேன். நடுவுல எந்த நாளு பீஸு மங்கலா தெரியுதோ, அன்னிக்கு நானே எந்திரிச்சு பேக்கிங்குக்குப் பூடுவேன். அத நீ சொல்ல வாணாம். நான்தான் சொல்லணும்."

பக்தவத்சலம் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினார். பிறகு, அந்த அறையில் காது கேட்கிறவர்கள் யாருக்கும் கேட்காதபடி, உதட்டை மட்டும் அசைத்தார். கொஞ்சம் நீளமாகவே அசைத்தார்.

"இன்னாய்யா சொல்றாரு?" என்று குப்பம்மா கணவரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"நாளைக்கு எப்பயும் போல மேசைக்கு வந்துடுங்கிறான்."

"நெசமா அதத்தான் சொன்னாரா? இல்ல, இதுலயும் நீ சேத்துக்கினியா?"

"அதத்தான் சொன்னேன் தங்கச்சி" என்றார் பக்தவத்சலம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சேக்கல. முன்னாடி ஒரு கெட்ட வார்த்தை போட்டேன், அத வுட்டுட்டான்."